பயணத் திட்டத்தில் பாட்டிக்கும் ஒரு வரி

தொடக்கப்பள்ளியில் தமிழ்க் கட்டுரை எழுதிய எல்லாருக்கும் இந்தத் தலைப்பு நினைவிருக்கும்: ‘நான் சென்று வந்த சுற்றுலா’. “கடந்த பள்ளி விடுமுறையில் நான் என் குடும்பத்தாருடன்...” என்று தொடங்குவோம். நடுவில் விமான நிலையம், ஹோட்டல், கடற்கரை எல்லாம் வரும். கடைசியில் அந்த இனிய அனுபவம் பசுமரத்தாணிபோல் நம் மனத்தில் பதிந்துவிடும். ஆசிரியர் உவமைத்தொடருக்கு ஒரு ‘சரி’ போட்டுத் தாளைத் திருப்பித் தருவார்.

நானும் அப்படி நான்கைந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பாத்தாம், பேங்காக், பினாங்கு என்று ஊர்கள் மாறின. இப்போது எடுத்துப் படித்தால் சிரிப்பு வருகிறது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப்போட்டால் ஒரே கட்டுரை எல்லா ஊருக்கும் பொருந்தும். அந்த ஊரில் யார் வாழ்கிறார்கள், அங்கே என்ன நடந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் இல்லை.

இன்று எங்கள் வீட்டில் பயணங்களைத் திட்டமிடுவது நானும் என் தங்கையும்தான். பல நண்பர்களின் வீடுகளிலும் இதே நிலைதான். விமானச் சீட்டு, தங்குமிடம், எங்கே சாப்பிடுவது என எல்லாவற்றையும் திறன்பேசியில் தேடிப் பிடிப்பது இளையர்கள். பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். தாத்தா பாட்டி கூடவே வருகிறார்கள். இவ்வளவு பெரிய பொறுப்பு நம் கைக்கு வந்திருக்கிறது. ஆனால், அதை நாம் சரியாகச் செய்யவில்லை என்பது என் கருத்து. முதல் குற்றவாளி நான்தான் என்பதால் என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வரிகள்

2024 டிசம்பர் விடுமுறைக்குத் தாய்லாந்து என்று முடிவானது. நான் எக்செல் கோப்பு ஒன்றைத் தயாரித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மொத்தம் 22 வரிகள். அவற்றுள் ஒன்பது உணவு, ஆறு கடைத்தொகுதிகளும் சந்தைகளும். மிச்சம் பெரும்பாலும் படம் எடுப்பதற்கான இடங்கள். அம்மா ‘சரி’ என்று கட்டைவிரலை உயர்த்தினார். 76 வயதுப் பாட்டி அந்தக் குழுவிலேயே இல்லை. “நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வரேன்” என்றார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த 22 வரிகளில் ஒன்று தங்கை சேர்த்தது. காஞ்சனபுரி என்ற ஊருக்கு ரயிலில் போக வேண்டும் என்றாள். பேங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். பாறைச் சரிவை ஒட்டிய மரப்பாலத்தில் ரயில் மெல்ல ஊர்ந்து போகும் காணொளி ஒன்றை அவள் பார்த்திருந்தாள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே ஆறு. ‘தாய்லாந்தின் அழகான ரயில் பயணம்’ என்று காணொளிக்குத் தலைப்பு.

அது மரண ரயில்பாதை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உயர்நிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான். சாங்கியில் அடைக்கப்பட்டிருந்த போர்க்கைதிகளை ரயில் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள் என்பதுவரை நினைவிருந்தது. தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது.

இதுதான் சயாம்

தோன்புரி ரயில் நிலையத்தில் காலையில் ஏறினோம். மூன்றாம் வகுப்புப் பெட்டி, திறந்த சன்னல்கள், கூரையில் மின்விசிறிகள். பாட்டிக்கு மிகவும் பிடித்துவிட்டது. பழைய ‘கேடிஎம்’ ரயில் மாதிரியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். காஞ்சனபுரியைத் தாண்டி, புகழ்பெற்ற அந்தப் பாலத்தின்மீது ரயில் மெதுவாக ஏறியபோது தங்கை திறன்பேசியை வெளியே நீட்டி, “டெத் ரயில்வே!” என்று உற்சாகமாகக் கத்தினாள்.

“என்னடா சொல்றா?” என்று பாட்டி அப்பாவிடம் கேட்டார்.

“மரண ரயிலும்மா. ஜப்பான்காரன் காலத்துல போட்டது.”

“அது சயாம்லல்ல இருக்கு?”

“இதுதாம்மா சயாம்.”

பாட்டி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “தாய்லாந்துன்னுல்ல சொன்னீங்க” என்றார்.

சயாம் என்ற நாடு 1939ஆம் ஆண்டில் தாய்லாந்து என்று பெயர் மாறியது. ஆனால், மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் பேச்சில் அது சயாமாகவே இருந்தது. பாட்டிக்குத் தாய்லாந்து என்பது மலிவாகத் துணி வாங்கும் ஊர். சயாம் என்பது தம் தாய்மாமன் போய்த் திரும்பி வராத இடம். இரண்டும் ஒன்று என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்காததால், சொல்லும் வாய்ப்பும் எங்களுக்கு வரவில்லை.

பாட்டி பிறந்தது ஜோகூரில், குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருடைய அம்மாவின் தம்பி, 1943இல் பத்தொன்பது வயது இருக்குமாம். மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசி கிடைக்கும் என்று சொல்லித் தோட்டத்திலிருந்து பல இளைஞர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாட்டி பிறந்தது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து. தாம் பார்த்தே இராத மாமாவைத் தம் அம்மாவின் அழுகை வழியாக மட்டுமே அவர் அறிந்திருந்தார்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முந்திய நாள் படையலில் ஒரு சுருட்டு வைப்போம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புகைக்கும் பழக்கம் இல்லை. ‘பாட்டியோட மாமாவுக்கு’ என்று சிறுவயதில் யாரோ சொன்னது நினைவிருக்கிறது. எந்த மாமா, என்ன ஆனார் என்று இருபது ஆண்டுகளாக நான் கேட்டதில்லை. அந்தச் சுருட்டுக்கும் தங்கை சேர்த்த காணொளிக்கும் உள்ள தொடர்பு அந்த ரயிலில்தான் எனக்குப் புரிந்தது.

பெயர் உள்ளவர்களும் இல்லாதவர்களும்

காஞ்சனபுரியில் ஒரு சிறு விடுதியில் இரவு தங்கினோம். பாட்டி அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விடுதியை நடத்தும் அம்மையார் என்ன விஷயம் என்று விசாரித்தார். திறன்பேசி மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு அப்பா சொன்னார். அந்த அம்மையார் கேட்டுவிட்டு, தம்முடைய பாட்டியும் அந்தக் காலத்தில் முகாம்களுக்குப் பக்கத்தில் வாழைப்பழம் விற்றவர், அங்கே பார்த்தவற்றைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார் என்றார். மறுநாள் காலை ஒரு மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து பாட்டியின் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அந்தச் சரத்தோடு, ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நம் கிராஞ்சி நினைவிடத்தைப் போலவே அதையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகச் சிறிய பலகைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பூச்செடி. ஏறத்தாழ 7,000 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது.

பாட்டி வயதை மட்டும் வாசிக்கச் சொன்னார். 22. 24. 21. 30. நான் வாசித்துக்கொண்டே நடந்தேன். மூன்று வரிசை முடிந்ததும் பாட்டி நின்றார்.

“நம்ம ஆளுங்க எங்க தம்பி?”

நான் அங்கேயே திறன்பேசியை எடுத்து ஆங்கிலத்தில் தேடினேன். பாலம், திரைப்படம், அரும்பொருளகம், இந்தக் கல்லறைத் தோட்டம் ஆகியவை வந்தன. “நம்மவங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல பாட்டி. யாரும் எதுவும் கட்டல” என்றேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பேரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாட்டி நம்பினார். கையிலிருந்த மல்லிகைச் சரத்தை, பக்கத்திலிருந்த இருபது வயது வீரர் ஒருவரின் பலகைமேல் வைத்தார். “இவனும் யாரோ பெத்த புள்ளதான்” என்றார்.

ஏன் ஒரு பக்கம் பெயர்கள் இருக்கின்றன, மறுபக்கம் இல்லை? அந்தப் பாதை தாய்லாந்திலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளம் கொண்டது. பர்மாவில் இருந்த தம் படைகளுக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்து என்பதால் ஜப்பானிய ராணுவம் அதைப் போட்டது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தனர்; அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் மூன்று மடங்கு இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருப்பார்கள் என்று பரவலாகக் கணிக்கப்படுகிறது. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் இருந்தனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

ராணுவ வீரனுக்கு எண் உண்டு, பட்டியல் உண்டு, அதிகாரி உண்டு, கூடவே சிறைப்பட்ட மருத்துவர்களும் உண்டு. இறந்தவனின் பெயரைச் சக வீரர்கள் எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் பாதை நெடுகிலும் சென்று கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது பலர் கும்பலாகப் புதைக்கப்பட்டார்கள் அல்லது எரிக்கப்பட்டார்கள். கிராஞ்சிச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவற்றுள் இந்திய ராணுவத்தினரின் பெயர்களும் உண்டு. அதாவது இந்தியர் என்பதால் பெயர் விடுபடவில்லை. ராணுவப் பட்டியலில் இல்லாததால் விடுபட்டது.

இதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு படித்தவை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து மறுபடியும் பாலத்துக்குப் போனோம். எல்லாரும் தண்டவாளத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எடுத்தோம். பாலத்தின் வளைந்த இரும்புப் பகுதிகள் பழையவை. நடுவில் நேர்க்கோடாக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் உடைந்தபின் புதிதாகப் போட்டவை. அந்தப் பாலத்தை உலகுக்குக் காட்டியது 1957இல் வெளிவந்த ஹாலிவுட் படம். அதன் கதை போர்க்கைதிகளைச் சுற்றியே நடக்கிறது. படப்பிடிப்பு நடந்ததோ இலங்கையில். அந்தப் படத்தைத் தேடி வந்த பயணிகளுக்காக ஆற்றின் பெயரைக்கூடப் பின்னாளில் மாற்றினார்கள்.

நான் சொன்னது தவறு

சிங்கப்பூர் திரும்பி இரண்டு வாரம் கழித்து, இரவு விடுதி அறையில் உட்கார்ந்து மறுபடி தேடினேன். இந்த முறை பாட்டி சொன்ன சொற்களையே தமிழில் தட்டினேன்: சயாம் மரண ரயில்.

வேறோர் உலகம் திறந்தது. மலேசியாவில் தமிழில் எழுதப்பட்ட நாவல்கள் இருந்தன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’. உயிரோடு திரும்பியவர்களின் பேட்டிகள் இருந்தன. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைப் பூட்டி ஆட்களை அள்ளிச்சென்ற கதைகள் இருந்தன. அத்துடன் இன்னொரு செய்தியும் இருந்தது. காஞ்சனபுரியில் ஒரு கோயில் வளாகத்தில், அங்கே இறந்த தமிழர்களுக்காக 2024 மே மாதம் ஒரு நடுகல் நாட்டப்பட்டிருந்தது. வரைபடத்தில் பார்த்தேன். நாங்கள் நின்ற கல்லறைத் தோட்டத்திலிருந்து அந்தக் கோயில் சற்று தூரம்தான். பாட்டியின் முழங்கால் வலியோடுகூட மெல்ல நடந்து போயிருக்கலாம்.

நான் ‘ஒண்ணும் இல்ல’ என்று சொன்னபோது அந்தக் கல் நட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.

இதை எழுதக் காரணமே இந்த ஒரு தவறுதான். நமக்கு இரண்டு மொழி தெரியும் என்று பெருமையாகச் சொல்கிறோம். தேடும்போது ஒரே மொழியில்தான் தேடுகிறோம். ஆங்கிலத்தில் எனக்கு முதலில் கிடைத்தவை ஆங்கிலம் பேசியவர்களின் நினைவுகள். அவை பொய்யல்ல. ஆனால், பாட்டியின் கேள்விக்கான விடை பாட்டியின் மொழியில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டு தாய்மொழிப் பாடம் படித்த எனக்கு அதைத் தேடத் தோன்றவில்லை. தமிழ் எனக்குத் தேர்வுக்கான மொழியாகவும் பாட்டியோடு பேசும் மொழியாகவும் மட்டும் இருந்துவிட்டது.

விடுமுறையிலும் பாடமா?

இதைத் தங்கையிடம் சொன்னபோது, “அண்ணா, லீவுலயும் ஹிஸ்டரி பாடமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆண்டு முழுவதும் துணைப்பாட வகுப்பு, தேர்வு என்று ஓடிவிட்டு, நான்கு நாள் ஓய்வுக்குப் போகிற இடத்திலும் அழுதுகொண்டு நிற்க வேண்டுமா? அப்பா அம்மாவும் உழைத்த காசைச் செலவழித்து வருவது மகிழ்ச்சியாக இருக்கத்தான்.

நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது உணவு வரிகளில் எதையும் நீக்கச் சொல்லவில்லை. சாத்துசாக் சந்தையில் சாப்பிட்ட தேங்காய்ப் பனிக்கூழை இன்றும் மறக்கவில்லை. பயணம் முழுவதையும் கற்றல் பயணமாக மாற்றினால் யாரும் வர மாட்டார்கள். எல்லா முதியவர்களும் பழைய வலியைக் கிளற விரும்புவார்கள் என்பதும் இல்லை. சிலர் வேண்டாம் என்று சொல்லலாம். அதையும் மதிக்க வேண்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. 22 வரிகளில் ஒன்றை வீட்டில் மூத்தவருக்கு விடுங்கள். விமானச் சீட்டை வாங்குமுன் அவரிடம் கேளுங்கள்: “இந்த ஊர்ப் பேரைக் கேட்டா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?” பதில் ஒன்றும் இல்லாமல் போகலாம். அல்லது பினாங்கில் தாத்தா கப்பலைவிட்டு இறங்கிய இடமாக இருக்கலாம். ஈப்போவில் அம்மாச்சி படித்த தமிழ்ப்பள்ளியாக இருக்கலாம். கேட்க நமக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று. இதை ‘நம் கதை’ என்று மட்டும் தேடினால், வெளிநாடு போயும் நம் வீட்டையே பார்த்துவிட்டுத் திரும்பியதாகிவிடும். எங்கள் பயணத்தில் நடந்தது வேறு. நான் இதற்குமுன் இரண்டு முறை தாய்லாந்து போயிருக்கிறேன். ஒரு தாய்லாந்துக்காரரிடமும் விலையைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. பாட்டியின் கதையைச் சொன்ன பிறகுதான் விடுதி அம்மையார் தம் பாட்டியின் கதையைச் சொன்னார். எனக்கு அந்த நாடு அன்றைக்குத்தான் அறிமுகமானது என்று நினைக்கிறேன்.

பெயரை எழுதி வையுங்கள்

நடுகல்லைப் பற்றிப் பாட்டியிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அப்ப இருக்குல்ல?” என்று இரண்டு முறை கேட்டார்.

“உங்க மாமா முழுப் பேரு என்ன பாட்டி?” என்று கேட்டேன்.

“சின்னான் மாமான்னுதான் ஆத்தா சொல்லும். வீட்டுல கூப்புடுற பேரு. நெசப் பேரு என்னான்னு நான் கேட்டுக்கலையே.”

ஆக, எங்கேனும் ஒரு பட்டியல் கிடைத்தாலும் எங்களால் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. பாட்டி தம் அம்மாவிடம் கேட்கவில்லை, அப்பா பாட்டியிடம் கேட்கவில்லை, நான் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று தலைமுறை கேட்காமல் விட்டதில் ஒரு மனிதரின் பெயர் போய்விட்டது. நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்தவர்களின் நேர்காணல்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால், நம் வீட்டுக்குள் இருப்பவற்றை வேறு யாரும் வந்து பதிவு செய்ய மாட்டார்கள். நம் எல்லாரிடமும் ஒலிப்பதிவுக் கருவி சட்டைப்பையிலேயே இருக்கிறது.

அன்றைக்கு நான் எழுதி வைத்தது இவ்வளவுதான்: சின்னான். வயது ஏறத்தாழ 19. குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டம். 1943. சயாம்.

அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் காஞ்சனபுரி என்று முடிவாகியிருக்கிறது. புதிய எக்செல் கோப்பைத் தங்கைதான் திறந்தாள். முதல் வரியில் மாம்பழச் சோறு என்று போட்டிருந்தாள். இரண்டாம் வரியைக் காலியாக விட்டுவிட்டுத் திறன்பேசியோடு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பாட்டி சொல்லச் சொல்லத் தமிழிலேயே தட்டினாள்:

‘அந்தக் கல்லு. ஒரு சுருட்டு.’